கைராசிக்காரரின் மஞ்சள் ஜாடி

பெரம்பலூரில் துறையூர் ரோட்டு டாக்டரிடம் வைத்தியத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு டாக்டரின் பெயரே தெரியாது. கம்பவுண்டர் கொளஞ்சியப்பனைத்தான் தெரியும். சீட்டு எழுதுவது டாக்டர் என்றாலும் உடம்பைத் தொட்டு ஊசி குத்துவது கொளஞ்சியப்பன் அல்லவா? "அவரு கையால ஒரு ஊசி போட்டுக்கிட்டா போதும், பாதி நோவு வாசப்படியிலயே எறங்கிடும்" என்று சுற்றுவட்டாரத்தில் பேச்சு. கைராசிக்காரர். அந்தப் பேச்சு காதில் விழாத மாதிரி நடிப்பதில் அவர் இருபத்திரண்டு வருஷமாகத் தேறியவர்.

சுத்தம் என்றால் அவருக்கு ஒரு வெறி. ஊசியையும் சிரிஞ்சையும் கொதிக்கிற தண்ணீரில் இருபது நிமிஷம் போட்டே தீருவார். டாக்டரே அவசரப்படுத்தினாலும் பத்தொன்பதாவது நிமிஷத்தில் எடுக்க மாட்டார். செருப்போடு உள்ளே வந்த பஞ்சாயத்துத் தலைவரைத் திருப்பி வெளியே அனுப்பியவர். ஆள்காட்டி விரலால் மேசையை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்து, தூசி இருந்தால் ஆயாவை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

அந்த மேசையின் நடுவில், அவர் பெருமைக்கெல்லாம் சாட்சியாக, வாயகன்ற ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. உள்ளே மஞ்சள் லோஷனில் ஊறுகிற பஞ்சு உருண்டைகள். ஊசி குத்துவதற்கு முன்னால் தோலைத் துடைப்பது அந்தப் பஞ்சால்தான். தினமும் காலையில் பானைத் தண்ணீரை ஒரு டம்ளர் மொண்டு ஊற்றி, இரண்டு மூடி லோஷன் விட்டு, குறைந்ததற்குப் புதுப் பஞ்சு போட்டு ஜாடியை நிறைத்து வைப்பார். அவர் வேலைக்குச் சேர்ந்த அறுபத்தொன்றாம் வருஷத்திலிருந்து அந்த ஜாடி ஒரு நாளும் காலியானதில்லை. "எங்க வூட்டுத் தயிர்ப் பானை மாதிரிதான் இதுவும். உறைமோர் தீர்ந்ததே இல்ல" என்று சொல்லிச் சிரிப்பார். அதைக் கழுவ வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. கிருமியைக் கொல்கிற மருந்து இருக்கும் ஜாடியை எதற்குக் கழுவுவது? சோப்புக்கு யாராவது சோப்புப் போடுவார்களா?

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆனி மாதத்தில் பொன்னாயியை அந்த மேசைக்கு முன்னால் உட்கார வைத்தாள் அவள் அம்மா பஞ்சவர்ணம். ஐந்து வயதுப் பெண். சிறுவாச்சூருக்குப் பக்கத்துக் கிராமம். அப்பன் பெரியசாமி கல்குவாரியில் கல் உடைக்கிறவன். பிள்ளைக்கு முகமும் காலும் வீங்கி, கண் திறக்க முடியாமல் போனதும் திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அங்கே சிறுநீரகக் கோளாறு என்று சொல்லி, தினம் விழுங்க மாத்திரை கொடுத்து, வீக்கம் வடிய ஏழு நாள் நரம்பு ஊசி போடச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சீட்டின் அடியில் டாக்டரம்மா சிவப்பு மையில் எழுதியிருந்தாள்: இந்த மாத்திரை சாப்பிடும் வரை குழந்தையின் உடம்புக்கு நோயை எதிர்க்கும் சக்தி குறைவாக இருக்கும், சுத்தம் மிக முக்கியம்.

சுத்தம் முக்கியம் என்று கொளஞ்சியப்பனிடமே எழுதி அனுப்புவதா! அவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். மற்றவர்களுக்கு ஒரு தடவை துடைத்தால் பொன்னாயிக்கு மூன்று தடவை துடைத்தார். ஊசியை எடுத்ததும் ஈரம் சொட்டுகிற பஞ்சை நரம்பின்மேல் வைத்து அழுத்தி, "பத்து வரைக்கும் எண்ணு தாயி" என்பார். அவள் ஏழு என்பதை மட்டும் விட்டுவிட்டு எண்ணுவாள். திருச்சியில் நர்ஸைக் கண்டாலே ஊரைக் கூட்டிய பிள்ளை, இவரைக் கண்டதும் தானாகவே கையை நீட்டியது. 'ஊசி மாமா' என்று பெயரும் வைத்துவிட்டது. கொளஞ்சியப்பனுக்குப் பிள்ளை கிடையாது. அந்தக் கை நீளும்போதெல்லாம் அவருக்கு என்னவோ செய்யும்.

நான்காம் நாள் ஊசி போட்டுவிட்டு வீடு போய்ச் சேர்வதற்குள் பிள்ளைக்குக் குளிர் கண்டது. பல் கிட்டிக்கொள்ளும்படியான நடுக்கம். அதற்கப்புறம் நெருப்பாய்க் காய்ச்சல். மறுபடி திருச்சி. பன்னிரண்டு நாள் படுக்கை. அந்த நோயே அப்படித்தான் என்று எல்லாரும் சொன்னார்கள், கொளஞ்சியப்பனும் சொன்னார்.

ஆடியில் மீண்டும் வீக்கம், மீண்டும் நரம்பு ஊசி. புதன்கிழமை ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை பஞ்சவர்ணம் பிள்ளையைச் சிறுவாச்சூர்க் கோயிலுக்குக் கொண்டுபோனாள். திங்களும் வெள்ளியும்தான் அங்கே நடை திறப்பார்கள். பிள்ளை பிழைத்து வந்தால் மாவிளக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். அங்கேயே அரிசியை இடித்து, வெல்லம் போட்டுப் பிசைந்து, நெய்விளக்கு ஏற்றி இறக்கி, அந்த மாவில் ஒரு உருண்டையைப் பிள்ளை வாயிலும் போட்டாள். சனிக்கிழமை ஊசி போட்ட ஒரு மணி நேரத்தில் பழைய நடுக்கம் வந்துவிட்டது.

கிளினிக்கில் அன்று நல்ல கூட்டம். திரும்பத் தூக்கி வந்து பெஞ்சில் கிடத்தியிருந்த பிள்ளை உதறுவதைக் கொளஞ்சியப்பன் பார்த்தார். பார்த்த வேகத்தில் வாய் முந்திக்கொண்டது.

"என்னத்தக் குடுத்த? உண்மையச் சொல்லு."

"ஒண்ணும் குடுக்கலண்ணே. நேத்து கோயில்ல மாவெளக்கு மாவு, ஒரு துளி..."

"பச்ச மாவா! கோயில் தண்ணியில பெசஞ்சதா? சீட்டுல சிவப்பு மையில எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதுன்னா கேக்கத் தெரியாதா? நான் இங்க கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுக்கிட்டு கிருமியப் பாத்துக்கிட்டிருக்கேன். நீ கையால கிருமியப் பெசஞ்சு ஊட்டுறியே, நீயெல்லாம் ஒரு தாயா?"

கூட்டம் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் நின்ற பெரியசாமியின் அக்கா சம்பூர்ணம் மட்டும் அந்த வார்த்தையை அப்படியே முந்தானையில் முடிந்துகொண்டாள். கம்பவுண்டரே சொல்லிவிட்டார் என்பது அந்த ஊரில் கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி. பிள்ளை இரண்டாம் தடவையும் பிழைத்து வந்த அன்றைக்கே, "இவ கை பட்டா எந்தம்பி புள்ள தங்காது" என்று பஞ்சவர்ணத்தைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் வீடு கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம். பெரியசாமி மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. நல்லவன்தான், ஆனால் அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாத நல்லவன்.

ஆவணியில் மூன்றாவது தடவை. இந்த முறை பிள்ளையைக் கொண்டுவந்தவள் சம்பூர்ணம். கொதிக்க வைத்த தண்ணீர்தான், மூடி வைத்த சோறுதான், கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை என்று அடித்துச் சொன்னாள். முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் ஊசி போட்டு, பஞ்சு வைத்து அழுத்தி, பொன்னாயி ஏழை விட்டுவிட்டுப் பத்து எண்ணி முடித்து, "அம்மா எப்ப வரும் ஊசி மாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தவள், பேச்சை நிறுத்தினாள். உதடு நீலம் பாரித்தது. பெஞ்சு கடகடவென்று ஆட ஆரம்பித்தது.

அம்மா நாற்பது மைலுக்கு அப்பால் இருக்கிறாள். மாவும் இல்லை, விளக்கும் இல்லை. கொளஞ்சியப்பனுக்கு அப்போதே ஏதோ சுருக்கென்றது. நெஞ்சில் தைத்த அந்தச் சின்ன முள்ளைப் பிடுங்கிப் பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. வாடகைக் காரில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவரும் திருச்சிக்குப் போனார்.

டாக்டரம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டாள். சின்ன வயசு, மெதுவான குரல்.

"ரத்தத்துல இருக்கிற கிருமிய வளர்த்துப் பார்த்ததுல போன ரெண்டு தடவையும் ஒரே கிருமி வந்திருக்கு. ரொம்ப அபூர்வம். மண்ணுல, தண்ணியில கெடக்குற கிருமிதான். உங்க மேலயோ என் மேலயோ பட்டா ஒண்ணும் பண்ணாது. இந்தக் குழந்தை சாப்பிடுற மாத்திரை வீக்கத்தோட சேத்து உடம்போட காவலையும் எறக்கி வெச்சிடுது. அதனால ரத்தத்துல போய் உக்காந்துடுச்சு. எப்படிப் போச்சுன்னுதான் தெரியல."

"கோயில்ல பச்ச மாவு தின்னுச்சுங்க டாக்டரம்மா."

"அது போன மாசம். இந்தத் தடவை யார் ஊட்டினா?"

கொளஞ்சியப்பன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த சம்பூர்ணத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"ஊசி குத்துறதுக்கு முன்னாடி அந்தத் தோல்ல எதெல்லாம் படுதோ, எல்லாத்துலயும் கொஞ்சம் எனக்கு வேணும். தண்ணி, ஸ்பிரிட், லோஷன், எல்லாம்." வேக வைத்து மூடிய நான்கு சின்னப் பாட்டில்களை அவர் கையில் கொடுத்தாள்.

அவருக்குச் சுள்ளென்று ஏறியது. இருபத்திரண்டு வருஷத்தில் அவருடைய சுத்தத்தைச் சந்தேகப்பட்டவர்கள் யாரும் கிடையாது. நேற்றுப் படித்து முடித்த பெண் பாட்டில் கொடுத்து அனுப்புகிறாள்! மறுநாளே நான்கு பாட்டில்களையும் நிரப்பி, ஒன்றில் மஞ்சள் லோஷனோடு இரண்டு பஞ்சையும் போட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்து எடுத்துப்போய்க் கொடுத்தார். "நல்லாப் பாருங்க டாக்டரம்மா. நாலு தடவ வேணும்னாலும் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். மூன்று நாள் ஆகும் என்றாள். அந்த மூன்று நாளும் அவர் கிளினிக்கில் ஜாடியை வழக்கம்போல நிறைத்து, வந்தவர்களுக்கெல்லாம் வழக்கம்போலத் துடைத்து ஊசி போட்டார். கைக்குழந்தைகள் இரண்டு. ஒரு பிள்ளைத்தாய்ச்சி.

நான்காம் நாள் ஆஸ்பத்திரிப் பரிசோதனை அறையில் டாக்டரம்மா கிருமி வளர்த்த இரண்டு வட்டமான கண்ணாடித் தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் ஒரே மாதிரிப் புள்ளிகள், வெளிறிய மஞ்சளில், எண்ணெய்ப் பசையோடு மினுமினுத்தன.

"இதுல கொழந்தையோட ரத்தம் எதுங்க?" என்று கேட்டார் கொளஞ்சியப்பன்.

டாக்டரம்மா பதில் சொல்வதற்காக ஒரு தட்டைத் தூக்கி, அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. "இதுதான் குழந்தை. அது உங்க மஞ்சள் லோஷன்."

அவருக்குப் புரியவில்லை. வார்த்தை ஒவ்வொன்றும் தெரிந்த வார்த்தைதான், சேர்த்துப் பார்த்தால் அர்த்தம் நிற்கவில்லை.

"மருந்துங்க அது. கிருமியக் கொல்ற மருந்து. அதுக்குள்ள எப்படிங்க கிருமி?"

"தண்ணி கலந்து நீர்த்துப் போச்சு. பஞ்சு அதோட வீரியத்த உறிஞ்சிடுது. பழசு மேலயே புதுசு ஊத்தறீங்க. அதுல பொழைக்கிற கிருமி ஒண்ணு ரெண்டு உண்டு. உங்க லோஷன் அதுக்கு விஷமில்ல, சோறு." கொஞ்சம் நிறுத்தினாள். "மூணாவது தடவையும் அதே கிருமின்னு உறுதியானதால வேற மருந்துக்கு மாத்தியிருக்கேன். காய்ச்சல் எறங்குது. கண்ணத் தொறந்து அம்மாவக் கேக்குது. ஆனா இன்னொரு தடவை இது ரத்தத்துல போனா நான் எதுவும் பண்ண முடியாது."

கொளஞ்சியப்பன் உட்கார்ந்தார். மூன்று தடவை துடைத்தது ஞாபகம் வந்தது. மற்றவர்களுக்கு ஒன்று, அவளுக்கு மட்டும் மூன்று. ஈரப் பஞ்சை ஊசி குத்திய ஓட்டையின்மேல் வைத்து அழுத்தியது ஞாபகம் வந்தது. எண்ணு தாயி. ஒண்ணு, ரெண்டு, மூணு. அந்த எண்ணிக்கை முழுக்க அவர் கையாலேயே உள்ளே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். இருபத்திரண்டு வருஷத்தில் ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்து, சீழ் கோத்து, கீறிக் கட்டுப் போட்டுக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்? "ஊசின்னா ரெண்டு பேருக்குக் கட்டத்தான் செய்யும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாரே. அந்த முகங்கள் ஒவ்வொன்றாய் வர ஆரம்பித்ததும் எழுந்து, டாக்டரம்மா கொடுத்த பரிசோதனைச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

பெரம்பலூர் வந்து ஜாடியை முதன்முதலாகக் கவிழ்த்தார். அடிப் பஞ்சு வரவில்லை. கையை விட்டுத் தோண்டினார். வழவழவென்று, மீன் செதில்மேல் இருக்கும் கொழுப்பு மாதிரி, விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. மேலே பளபளவென்று தெரிந்த மஞ்சளுக்கு அடியில் இத்தனை வருஷமும் இது இருந்திருக்கிறது. டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு ஜாடியைப் பார்த்தார். கதவைச் சாத்தினார்.

"கொட்டிட்டுப் புது ஜாடி வாங்கிடு. தெனம் வேக வெச்சுப் புதுசாக் கலக்கு. அதோட விட்டுரு கொளஞ்சி. புள்ளதான் பொழச்சிருச்சில்ல? வெளிய ஒரு வார்த்த போச்சு, நீயும் நானும் இந்த ஊர்ல நடமாட முடியாது."

"அந்தப் பொண்ண வூட்ட விட்டுத் தொரத்திட்டாங்க சார்."

"அது அவங்க குடும்ப விவகாரம்."

"நாந்தானே சார் சொன்னேன். இதே எடத்துல நின்னு."

டாக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொளஞ்சியப்பன் பரிசோதனைச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். அரியலூர் வந்து, ஜெயங்கொண்டம் வந்து, அங்கிருந்து டவுன் பஸ். கோபுரம் தெரிந்ததும் இறங்கி விசாரித்துக்கொண்டு நடந்தார். வழியெல்லாம் என்ன சொல்வது என்று கோத்துக்கொண்டே வந்தார். கூட்டம் கூடும், மண்ணை வாரித் தூற்றுவாள், தூற்றட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

முந்திரித் தோப்பை ஒட்டிய கொட்டகையில் நாலைந்து பெண்கள் சுட்ட முந்திரிக்கொட்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சவர்ணமும் அங்கேதான் இருந்தாள். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல்களெல்லாம் கருத்து, தோல் உரிந்திருந்தது. மற்றவர்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்தார்கள். இவள் அதுகூடப் பூசவில்லை. அவரைக் கண்டதும் எழுந்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"புள்ள போயிருச்சா?"

"ஐயோ, இல்ல தாயி, இல்ல. நல்லாருக்கு. காய்ச்சல் எறங்குது. ஒன்னயத்தான் கேக்குது."

அவள் அப்படியே குந்திவிட்டாள். அவரும் எதிரில் மண்ணில் உட்கார்ந்தார். கோத்து வைத்தது ஒன்றும் வரவில்லை. ஜாடியைச் சொன்னார். பானைத் தண்ணீரைச் சொன்னார். தட்டு இரண்டையும், அடியில் இருந்த பஞ்சையும் சொன்னார். கடைசியில், "உன் மாவுல ஒண்ணும் இல்ல பஞ்சவர்ணம். எல்லாம் என் ஜாடியிலதான் இருந்துச்சு. மூணு தடவையும் நாந்தான் ஏத்தியிருக்கேன்" என்றார்.

பெண்கள் கொட்டை உடைப்பதை நிறுத்திவிட்டார்கள். அவள் அவரையே பார்த்தாள். வசவுக்காக அவர் தலையைக் குனிந்துகொண்டார். வசவு வரவில்லை.

"அப்ப நான் இல்லையா?" என்றாள்.

"இல்ல தாயி."

"எங் கையால குடுத்ததுனால இல்லையா?"

"இல்ல."

"இன்னொருவாட்டி சொல்லுங்க. இவங்களுக்குக் கேக்குற மாதிரி சொல்லுங்க."

சொன்னார். அதற்கப்புறம்தான் அவள் அழுதாள். மார்பில் அறைந்துகொண்டு, வாய்விட்டு, கொட்டகை அதிரும்படி அழுதாள். ஒரு மாதமாகத் தன் கையையே பார்க்கச் சகிக்காமல் இருந்தவள், அந்தக் கருத்த கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கொளஞ்சியப்பனுக்கும் கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ளக் கை எழும்பவில்லை.

அழுகை ஓய்ந்ததும் கையை நீட்டினாள். "அந்தச் சீட்டக் குடுங்க." சீட்டு இங்கிலீஷில் இருந்தது. திருப்பிப் பார்த்துவிட்டு அவரிடமே கொடுத்தாள். "இதுக்கு அடியில தமிழ்ல எழுதுங்க. மாவெளக்கு மாவால இல்ல, உங்க ஜாடியாலன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. எங்க நாத்தனாருக்கு யாராவது படிச்சுச் சொல்லட்டும்."

முழங்காலில் வைத்து எழுதினார். டாக்டர் சொன்னது ஒரு நிமிஷம் நினைவுக்கு வந்துவிட்டுப் போனது. முழுப் பெயரும் போட்டு, கீழே கம்பவுண்டர் என்றும் எழுதினார்.

அவள் சேலை மாற்றவில்லை. சீட்டை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள். அவர் பின்னாலேயே போனார். டவுன் பஸ் வந்து நின்றது. அவள் ஏறியதும் அவரும் கம்பியைப் பிடித்துப் படியில் காலை வைத்தார்.

"நீங்க வராதீங்க" என்றாள் பஞ்சவர்ணம். குரலில் கோபம் இல்லை.

"இல்ல தாயி, நானும் வந்து அவங்ககிட்ட நேர்லயே..."

"அதுக்குச் சீட்டு இருக்கு. நீங்க வேணாம். எம் புள்ள உங்களப் பாத்துச்சுன்னா கைய நீட்டும்."

கொளஞ்சியப்பன் படியிலிருந்து காலை எடுத்தார். கண்டக்டர் விசில் கொடுத்தார், பஸ் ஜெயங்கொண்டம் பார்த்துப் போயிற்று.